நூறு கோடியே ஒன்றைப் பங்கு போட முடியுமா?

கேள்வி: மொய் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்த என் பேரன், 101, 501, 1001 என்று தொகைகளெல்லாம் ஒன்றில் முடிவதைப் பார்த்துவிட்டு, "அப்பத்தா, நூறு கோடியே ஒரு ரூபாயைச் சில்லறை மாற்றாமல் சமமாகப் பங்கு போட முடியுமா?" என்று கேட்கிறான். ஒன்று சேர்ந்த தொகை பங்குக்கு உடையாது என்பார்களே, அது உண்மையா?
- வாசகி, தேவகோட்டை

பதில்: 101-ஐப் பொறுத்தவரை உண்மை, அது பகா எண். 501 மூன்றால் வகுபட்டுவிடும். 1001-ஓ 7, 11, 13 ஆகிய மூன்றின் பெருக்குத்தொகை.

நூறு கோடியே ஒன்று, அதாவது 100,00,00,001, பத்தின் ஒன்பதாம் அடுக்கோடு ஒன்றைக் கூட்டிய எண். ஒன்பது என்பது மூன்றின் மடங்காக இருப்பதால், பத்தின் மூன்றாம் அடுக்கோடு ஒன்றைக் கூட்டிய 1001 இதை மீதியின்றி வகுக்கும். பேரனை 9,99,001-ஐ 1001-ஆல் பெருக்கச் சொல்லுங்கள்: 99,90,01,000-உடன் 9,99,001-ஐக் கூட்டினால் கணக்கு நேர்படும். அந்த 9,99,001-உம் 19 பெருக்கல் 52,579 என்று பிரிகிறது. ஆக 7, 11, 13, 19, 52579 என்ற ஐந்து பகா எண்கள். இவற்றைச் சேர்த்துச் சேர்த்துப் பெருக்கினால், ஒன்றையும் அந்த எண்ணையும் உட்பட, மொத்தம் 32 வகுத்திகள் கிடைக்கும். பங்காளிகள் 77 பேராக இருந்தாலும் 247 பேராக இருந்தாலும் சண்டைக்கு இடமில்லை.

அடுக்கில் ஒன்றைவிடப் பெரிய ஒற்றைப்படைக் காரணி இருந்தால் இந்த வகை எண் உடைந்தே தீரும். ஆறாம் அடுக்கான 10,00,001-ஐ 101 வகுப்பதும் அதனால்தான். 2, 4, 8, 16 என்று இரட்டித்துப் போகும் அடுக்குகளுக்கு மட்டுமே விதிவிலக்காகும் வாய்ப்பு உண்டு. அவற்றிலும் 10,001 என்பது 73 பெருக்கல் 137, பத்துக் கோடியே ஒன்றோ 17-ஆல் வகுபடுகிறது. 101-க்குப் பிறகு இந்த வரிசையில் ஒரு பகா எண்ணும் இதுவரை அகப்படவில்லை.

கேள்வி: எந்த ஒன்பது இலக்க எண்ணையும் அடுத்தடுத்து இருமுறை எழுதினால் அது 19-ஆல் வகுபடும் என்கிறார்கள். காரணம் என்ன?
- வாசகர், காரைக்குடி

பதில்: அப்படி எழுதுவது அந்த எண்ணை நூறு கோடியே ஒன்றால் பெருக்குவதேயாகும், அதற்குள் 19 இருப்பதை மேலே பார்த்தோம். இதைவிட எனக்குப் பிடித்தது, 1-ஐ 19-ஆல் வகுக்கையில் வரும் தசமம். புள்ளிக்குப் பின் 052631578947368421 என்ற 18 இலக்கங்கள் திரும்பத் திரும்ப வரும். முதல் ஒன்பது இலக்கங்களை எழுதி முடித்ததும் கையில் நிற்கும் மீதி 18. ஆகவே பின் ஒன்பதும் 18-ஐ 19-ஆல் வகுத்தால் வருவனவே. ஒன்றும் பதினெட்டும் சேர்ந்து 19 ஆகிவிடுவதால், 052631578-ஐயும் 947368421-ஐயும் கூட்டினால் ஒன்பது ஒன்பதுகள் வரிசையாக வந்து நிற்கின்றன.