எந்த .22 ரைஃபிள் வாங்கலாம்? கேள்வி பதில்

அமெரிக்காவில் இருக்கும் நம் ஆட்கள் பலர் சனி, ஞாயிறுகளில் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போக ஆரம்பித்திருக்கிறார்கள். அவர்கள் கேட்டவற்றில் .22 லாங் ரைஃபிள் என்ற சின்னத் தோட்டாவைச் சுடும் துப்பாக்கிகளைப் பற்றியவற்றுக்கு மட்டும் இங்கே பதில் சொல்கிறேன். வேட்டை இதில் சேராது. காகிதத்திலும் தகட்டிலும் குறி பார்த்துச் சுட்டு மகிழ்வதற்கான துப்பாக்கி எது என்பதுதான் பேச்சு.

டாலஸ்: அண்ணா, இதுதான் என் முதல் துப்பாக்கி. நண்பர்கள் ரூகர் 10/22 வாங்கு என்கிறார்கள். கடைக்காரர் சிஇஸட் 457 காட்டினார், விலை கூட. எதை எடுக்க?

10/22 அருமையான துப்பாக்கி. 1964 முதல் வருகிறது. பத்துத் தோட்டா பிடிக்கும் சுழல் மேகசின் அடியில் துருத்தாமல் உட்கார்ந்துகொள்ளும். எடை ஐந்து பவுண்டுதான். உதிரி பாகத்துக்கு அலையவே வேண்டாம். இருந்தாலும் முதல் துப்பாக்கி என்றால் நான் போல்ட் ஆக்‌ஷன் பக்கம்தான்.

10/22 செமி ஆட்டோ, 457 போல்ட். செமி ஆட்டோவில் ஒன்றைச் சுட்டதும் அடுத்தது தானே ஏறிவிடும். விரல் சும்மா இருக்காது. அரை மணியில் நூறு தோட்டா காலியாகும், எது ஏன் விலகிப் போனது என்று தெரியாது. போல்ட்டில் அப்படி இல்லை. கைப்பிடியைத் தூக்கி, பின்னால் இழுத்து, காலிக் கூடு தெறித்து விழுவதைப் பார்த்து, மறுபடி முன்னால் தள்ளி இறக்க வேண்டும். அந்த இரண்டு மூன்று நொடியில்தான் "ட்ரிகரை வெடுக்கென்று இழுத்துவிட்டேன்", "மூச்சு நிற்கும் முன்பே சுட்டுவிட்டேன்" என்பதெல்லாம் மனதில் ஏறும். கற்றுக்கொள்வது அந்த இடைவெளியில்தான்.

சிஇஸட் 457 செக் நாட்டுத் தயாரிப்பு. போல்ட்டை 60 டிகிரி தூக்கினால் போதும், ஸ்கோப் மாட்டியிருந்தாலும் விரல் இடிக்காது. அந்த விலை கட்டுப்படியாகாது என்றால் சாவேஜ் மார்க் 2 எடுங்கள், அல்லது ரூகர் அமெரிக்கன் ரிம்ஃபயர். இரண்டாவதில் 10/22 மேகசினே பொருந்தும். மிச்சப்படும் பணத்தைத் தோட்டாவில் போடுங்கள்.

சியாட்டில்: உங்களுக்குப் பிடித்தது எது என்று ஒன்றே ஒன்றைச் சொல்லுங்கள்.

சிஇஸட் 457 ட்ரெய்னிங் ரைஃபிள். பீச் மரக் கட்டை, நீளமான பேரல், குறி பார்க்கும் இரும்பு சைட்டோடு வரும். ஸ்கோப் இல்லாமல் 50 கஜத்தில் நாள் முழுக்கச் சுடலாம். வேறு எதையும் மாற்றத் தோன்றாது.

ஆஸ்டின்: எஃப்-1 விசாவில் படிக்கிறேன். நண்பரின் துப்பாக்கியை ரேஞ்சில் சும்மா சுட்டுப் பார்க்கலாமா, சார்?

தம்பி, இதை எல்லாரும் கவனமாகப் படிக்க வேண்டும். எஃப்-1, ஹெச்-1பி, ஹெச்-4 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே ஃபெடரல் சட்டப்படி குற்றம். ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துக் கையில் பிடிப்பதும் இதில் அடக்கம். சில விதிவிலக்குகள் உண்டு. நம்மவர்களுக்குப் பொருந்துவது, ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம். கிரீன் கார்டு இருப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை. அதற்கு மேல் மாநிலச் சட்டம் வேறு இருக்கிறது. இல்லினாயில் ஃபாய்டு கார்டு (துப்பாக்கி வைத்திருப்பவருக்கு மாநிலம் கொடுக்கும் அட்டை) வேண்டும், நியூஜெர்சியில் வாங்குவதற்கு முன்பே அடையாள அட்டை எடுக்க வேண்டும். பொழுதுபோக்குக்காக விசாவைப் பணயம் வைக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் முதலில் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேளுங்கள், அப்புறம் ரேஞ்சுக்குப் போகலாம்.

ராலே: நல்ல ரைஃபிள்தான் வாங்கினேன். 50 கஜத்தில் தோட்டாக்கள் இரண்டு அங்குலத்துக்குச் சிதறுகின்றன. ஸ்கோப்பை மாற்றவா?

ஸ்கோப்பைத் தொடாதீர்கள், தோட்டாவை மாற்றுங்கள். .22-இல் ஒவ்வொரு பேரலுக்கும் ஒரு ருசி உண்டு. ஒரே மாடலில் அடுத்தடுத்து வந்த இரண்டு துப்பாக்கிகள்கூட வேறு வேறு தோட்டாவைக் கேட்கும். விலையை வைத்தும் சொல்லிவிட முடியாது.

நீங்கள் சுடுவது மொத்தப் பெட்டியில் வரும் அதிவேகத் தோட்டாவாகத்தான் இருக்கும். அது பேரலை விட்டு ஒலியைவிட வேகமாகக் கிளம்பி, வழியிலேயே ஒலி வேகத்துக்குக் கீழே இறங்கும். இறங்கும் இடத்தில் கொஞ்சம் தடுமாறும். ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 1,125 அடி. சிசிஐ ஸ்டாண்டர்டு வெலாசிட்டி 1,070 அடியில்தான் கிளம்புகிறது, அதனால் அந்தத் தடுமாற்றமே இல்லை. காகிதத்தில் சுட இதுதான் தோது.

சிசிஐ ஸ்டாண்டர்டு, எஸ்கே ஸ்டாண்டர்டு ப்ளஸ், ஈலி, அகீலா என்று நாலைந்து வகையில் வகைக்கொரு பெட்டி வாங்குங்கள். காற்றில்லாத காலையில், மணல் மூட்டையில் துப்பாக்கியைச் சாய்த்து, ஒவ்வொன்றிலும் ஐந்து ஐந்தாக நான்கு இலக்கு சுடுங்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது முதல் பத்துப் பதினைந்து தோட்டாவைக் கணக்கில் சேர்க்காதீர்கள். தோட்டாவின் மேல் தடவியிருக்கும் மெழுகு பிராண்டுக்குப் பிராண்டு வேறு. பழைய மெழுகு போய்ப் புது மெழுகு பேரலுக்குள் படியும் வரை குறி அலையும். எது நெருக்கமாக விழுகிறதோ, அதே லாட் எண்ணில் (பெட்டியில் அச்சிட்டிருக்கும் தயாரிப்புத் தொகுதி எண்) மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அட்லாண்டா: மகளுக்கு எட்டு வயது. அவளுக்கு ஏற்றது எது?

ஒற்றைத் தோட்டா துப்பாக்கி. சாவேஜ் ராஸ்கல், கிரிக்கெட் இரண்டும் இந்த வயதுக்கென்றே செய்தவை. நான் ராஸ்கலைச் சொல்வேன். போல்ட்டைத் தூக்கினாலே அது சுடத் தயாராகிவிடும். கிரிக்கெட்டில் போல்ட்டை மூடிய பிறகு பின்னாலிருக்கும் குமிழைத் தனியாகப் பிடித்து இழுக்க வேண்டும், சின்ன விரல்களுக்கு அது சிரமம். பெரியவர்கள் துப்பாக்கியைக் கொடுத்துப் பழக்காதீர்கள். தோளில் பதியும் கட்டையின் பின்முனையிலிருந்து ட்ரிகர் வரை பெரியவர்களுக்கு 13½ அங்குலம் இருக்கும். குழந்தை கழுத்தை நீட்டி, உடம்பைப் பின்னால் வளைத்துச் சுடும், அந்தப் பழக்கம் போகவே போகாது. கண்ணாடியும் காதுக்கவசமும் கட்டாயம். முடிந்ததும், எதையும் சாப்பிடும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வையுங்கள், தோட்டா ஈயம்.

சிகாகோ: லீவர் ஆக்‌ஷன் மேல் ஆசை. வெறும் ஸ்டைலுக்குத்தானா அது?

இல்லவே இல்லை. ட்ரிகரைச் சுற்றியிருக்கும் வளையக் கைப்பிடிதான் லீவர், அதை இறக்கி ஏற்றினால் அடுத்த தோட்டா ஏறும். ஹென்றி ஹெச்001-இன் லீவர் வழுக்கிக்கொண்டு போகும், ஒருமுறை இழுத்துப் பார்த்தவர்கள் விடமாட்டார்கள். பேரலுக்குக் கீழே இருக்கும் பித்தளைக் குழாயை மேலே உருவி, பதினைந்து தோட்டாவை ஒவ்வொன்றாக உள்ளே விட்டு, குழாயைத் திரும்ப இறக்க வேண்டும். நேரம் எடுக்கும்தான். அதில் ஒரு நிதானம் இருக்கிறது. ஷார்ட், லாங், லாங் ரைஃபிள் என்ற மூன்று .22 தோட்டா வகைகளையும் சுடும். இடது கைக்காரர்களுக்கும் வசதி. ஆசைப்பட்டால் தயங்காமல் வாங்குங்கள்.

ஃபீனிக்ஸ்: தோட்டா இல்லாமல் வீட்டில் ட்ரிகர் பழகலாமா?

பழைய .22 என்றால் வேண்டாம். இதில் ஃபயரிங் பின் என்ற ஊசி தோட்டாவின் விளிம்பைத்தான் அடிக்கும். உள்ளே தோட்டா இல்லாவிட்டால், சில துப்பாக்கிகளில், தோட்டா உட்காரும் சேம்பரின் ஓரத்தில் போய் மோதிக் குழி விழுந்துவிடும். புதியவற்றில் பலதுக்கு இந்தக் கவலை இல்லை, 10/22-க்கு அந்த நிறுவனமே அனுமதி சொல்கிறது. கையேட்டைப் பாருங்கள். பலர் சுவரில் ஸ்க்ரூ போடும் மஞ்சள் ப்ளாஸ்டிக் ஆங்கரைத் தோட்டா இடத்தில் வைத்துப் பழகுவார்கள், அதுவே போதும். நிஜத் தோட்டா அந்த அறையிலேயே இருக்கக் கூடாது.

டெட்ராய்ட்: சில தோட்டாக்கள் வெடிப்பதே இல்லை. துப்பாக்கியில் கோளாறா?

பெரும்பாலும் தோட்டாதான். மருந்துக் கலவையைக் கூட்டுக்குள் போட்டு வேகமாகச் சுழற்றித்தான் விளிம்புக்குள் பரப்புகிறார்கள். ஓர் இடத்தில் பரவாமல் விட்டிருந்தால், பின் அங்கே அடித்தால் வெடிக்காது. உடனே போல்ட்டைத் திறக்காதீர்கள். இலக்கை நோக்கியே பிடித்து முப்பது நொடி பொறுங்கள், தாமதமாக வெடிக்கக்கூடும். பிறகு எடுத்து, பாதி திருப்பிப் போட்டால் பல சமயம் வெடித்துவிடும்.

கிளீவ்லாந்து: பழைய மார்லின் 60 ஒன்று மலிவாக வருகிறது. எடுக்கலாமா?

எடுக்கலாம். 1960-இலிருந்து லட்சக்கணக்கில் விற்ற துப்பாக்கி. வாங்கியதும் உள்ளே பின்பக்கத்தில் போல்ட்டின் மோதலைத் தாங்கும் ப்ளாஸ்டிக் பஃபரைப் பாருங்கள். பழுத்து விரிசல் விட்டிருந்தால் மாற்றுங்கள், சின்ன செலவுதான்.

ஹூஸ்டன்: ஒரு வருடமாக போல்ட்டில் சுடுகிறேன். அடுத்து என்ன?

ப்ராஜெக்ட் ஆப்பிள்சீடு என்ற ரைஃபிள் பயிற்சி முகாமுக்குப் போங்கள். 25 மீட்டரில், சிறிதாக்கிய இலக்குகளில், நின்று, உட்கார்ந்து, படுத்து என்று சுட வைப்பார்கள். 250-க்கு 210 எடுத்தால் ரைஃபிள்மேன் பேட்ச். நேரம் வைத்துச் சுட வேண்டிய சுற்றுகள் உண்டு, நடுவில் மேகசினும் மாற்ற வேண்டும். அங்கே 10/22 கையில் இருந்தால் நன்றாக இருக்கும், இரண்டாவது துப்பாக்கியாக அதை வாங்க இதுவே சரியான நேரம். கூடவே ஒரு ஸ்லிங் (துப்பாக்கி வார்), கூடுதலாக ஒரு மேகசின், முழங்கைக்கு அடியில் போட ஒரு பாய்.