மார்ஃபினுக்குப் பயப்படுகிறீர்கள், ட்ரமடாலுக்கு ஏன் பயமில்லை?

போன இதழில் வலி மாத்திரைகளைப் பற்றிப் போகிறபோக்கில் நாலு வரி எழுதப்போக, இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அதைப் பற்றியே. எல்லாவற்றையும் படித்ததில் ஒன்று தெரிந்தது. புற்றுநோய் வலிக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த மார்ஃபினைத் தொடவே நடுங்குகிறோம். ஆனால் முட்டிவலிக்கு வாங்கிய ட்ரமடால் அட்டை அடுப்படி அலமாரியில் அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் கிடக்கிறது, கேட்டவருக்கெல்லாம் கை நீட்டிக் கொடுக்கிறோம். இரண்டும் ஒரே குடும்பம்தான், ஓபியாய்டு என்கிற அபின் வகை வலி மருந்துகள். பயத்தை இடம் மாற்றி வைத்திருக்கிறோம். சரி, கேள்விகளுக்கு வருவோம்.

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. புராஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் பரவிவிட்டது. மார்ஃபின் 10 மி.கி. மாத்திரை, நாலு மணி நேரத்துக்கு ஒன்று என்று எழுதியிருக்கிறார்கள். அப்பா வலி தாங்க முடியாதபோது மட்டும்தான் போட்டுக்கொள்கிறார். ‘மார்ஃபின் ஆரம்பித்துவிட்டால் அவ்வளவுதான்’ என்கிறார் சித்தப்பா. நியூ ஜெர்சியில் இருக்கும் அண்ணன், ‘இங்கே இதனால் எத்தனை பேர் செத்தார்கள் தெரியுமா, கொடுக்காதே’ என்று தினம் போனில் பயமுறுத்துகிறார். நான் என்ன செய்யட்டும்? (வாசகி, கும்பகோணம்)

பதில்: அண்ணன் சொல்வது பொய்யில்லைம்மா, ஆனால் அது வேறு கதை. 1996-ல் ஆக்ஸிகான்டின் என்ற ஓபியாய்டு மாத்திரையை அமெரிக்காவில் சந்தைக்குக் கொண்டுவந்த பர்டூ நிறுவனம், இதற்கு அடிமையாவது அபூர்வம் என்று டாக்டர்களை நம்பவைத்து, சாதாரண முதுகுவலிக்காரர்களுக்கெல்லாம் மாதக்கணக்கில் எழுத வைத்தது. 2007-லும் 2020-லும் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. உங்கள் அப்பாவின் நிலைமை அதுவல்ல. புற்று எலும்பை அரிக்கிற வலி அவருடையது. இங்கே நம் ஊரில் பிரச்சினையே தலைகீழ். மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு உரிமத்தோடு, மார்ஃபின் எடுக்கிற அபின் பயிராகிறது, நீமச்சிலும் காஜிப்பூரிலும் அரசு ஆலையே இருக்கிறது. அப்படியிருந்தும் 1985 போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடிக்குப் பயந்து பல ஆஸ்பத்திரிகள் மார்ஃபின் வைப்பதையே விட்டுவிட்டன. 2014-ல் சட்டத்தைத் திருத்திக் கொஞ்சம் தளர்த்தினார்கள், ஆனாலும் அங்கீகாரம் வாங்கிய மருத்துவ நிலையங்களில்தான் கிடைக்கிறது. கையில் கிடைத்ததை வீட்டில் வைத்துக்கொண்டு அப்பா வலியில் துடிக்கிறார் என்றால் என்ன சொல்ல?

சித்தப்பாவுக்கு: வலி எவ்வளவு என்பதைப் பார்த்துத்தான் மார்ஃபின் எழுதுகிறார்கள், நாள் எண்ணி அல்ல. அதைச் சாப்பிட்டுக்கொண்டு வருஷக்கணக்கில் நடமாடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இப்போது முக்கியமான விஷயம். வலி வந்த பிறகு போடுவது தப்பான வழி. சாதாரண மார்ஃபின் மாத்திரையின் வேலை ஏறக்குறைய நாலு மணி நேரத்தில் முடிந்துவிடும். வலி எகிறிய பிறகு போட்டால் அதை இறக்கவே நேரம் பிடிக்கும், மருந்தும் கூடுதலாகத் தேவைப்படும். கடிகாரத்தைப் பார்த்துக் கொடுங்கள், காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு, மாலை ஆறு என்று. நடுராத்திரி எழுப்பாமல் இருக்கப் படுக்கும்போது இரண்டு மாத்திரையாகக் கொடுக்கச் சொல்வதும் உண்டு, உங்கள் சீட்டில் அப்படி இருக்கிறதா பாருங்கள். இடையில் வலி குத்தினால் கூடுதலாக ஒன்று போடலாமா, ஒரு நாளைக்கு எத்தனை முறை வரை என்பதை டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டில் கொடுத்த நேரத்தைக் குறித்துவாருங்கள், அடுத்த முறை டாக்டர் அளவைக் கூட்டவோ குறைக்கவோ அதைவிட உதவுவது எதுவும் இல்லை. நீங்களாகக் கூட்ட வேண்டாம்.

முதல் சில நாள் குமட்டும், தூக்கம் தூக்கமாக வரும். பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் உடம்பு பழகிவிடும். பழகவே பழகாதது மலச்சிக்கல். மார்ஃபின் குடலின் அசைவையே மந்தமாக்கிவிடுகிறது, அதனால் முதல் மாத்திரை போடுகிற அன்றே பிசகோடில், சென்னா மாதிரி குடலைத் தூண்டுகிற மலமிளக்கியும் சேர்ந்து தொடங்க வேண்டும். சீட்டில் எழுதவில்லையென்றால் நீங்களே கேளுங்கள். வாழைப்பழமும் இசப்கோலும் போதும் என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். தண்ணீர் அதிகம் குடிக்காத நோயாளிக்கு இசப்கோல் குடலிலேயே கெட்டியாகிக் காரியத்தைக் கெடுத்துவிடும். பலர் மார்ஃபினை நிறுத்துவதற்கு இந்தச் சிக்கலும் ஒரு காரணம்.

புராஸ்டேட் என்பதால் இன்னொன்று. சிறுநீர் சரியாகப் போகிறதா என்று கவனியுங்கள், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை டாக்டரிடம் காட்டுங்கள். சிறுநீரகம் சோர்ந்திருந்தால் மார்ஃபின் உடம்பில் தேங்கும், அளவையோ மருந்தையோ மாற்ற வேண்டியிருக்கும். அப்புறம், மாத்திரை தீருவதற்கு நாலைந்து நாள் முன்பே போய் வாங்கிவிடுங்கள். பொங்கல் விடுமுறையில் தீர்ந்துபோனால் மார்ஃபினை எந்த மெடிக்கலிலும் சட்டென்று வாங்க முடியாது. வீட்டுக்கே வந்து பார்க்கிற வலிதணிப்புச் சிகிச்சை ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் உண்டு, உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

கேள்வி: மாமியாருக்கு 76 வயது, முட்டி மாற்று ஆபரேஷன் ஆனது. ட்ரமடாலும் பாராசிட்டமாலும் சேர்ந்த மாத்திரை கொடுத்தார்கள். மீந்துபோனதை எதிர்வீட்டு அக்கா இடுப்பு வலிக்குக் கேட்டார், கொடுத்தேன். அவருக்கு ஒரே வாந்தி, கை நடுக்கம், வியர்த்துக் கொட்டிவிட்டது. மாமியாருக்கு ஒன்றும் ஆகவில்லையே, ஏன்? (வாசகி, ஈரோடு)

பதில்: எதிர்வீட்டு அக்கா வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டீர்களா? மனச்சோர்வுக்கோ பதற்றத்துக்கோ எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் மாதிரி ஏதாவது சாப்பிட்டால் பக்கத்து வீட்டில் சொல்லவே மாட்டார்கள், நம் ஊர் வழக்கம் அப்படி. ட்ரமடால் அவற்றோடு சேரும்போது செரட்டோனின் என்ற ரசாயனம் மூளையில் எகிறி நடுக்கம், வியர்வை, படபடப்பு, காய்ச்சல் எல்லாம் வரலாம். வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு ட்ரமடால் வலிப்பைத் தூண்டிவிடும். அவருக்கு அதுதான் நடந்ததா என்று இங்கிருந்து சொல்ல முடியாது. அந்த அட்டையை எடுத்துக்கொண்டு போய் அவருடைய டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள், இனிமேல் யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். இதில் சங்கடப்பட ஒன்றுமில்லை, ‘தீர்ந்துபோச்சு அக்கா’ என்றால் முடிந்தது.

உங்கள் மாமியாரைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அந்த மாத்திரை ஒன்றில் 37.5 மி.கி. ட்ரமடாலோடு 325 மி.கி. பாராசிட்டமால் இருக்கிறது. காய்ச்சல் என்று மேலே டோலோ 650 போட்டால் இரண்டும் ஒரே பாராசிட்டமால்தான். ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 4 கிராமைத் தாண்டினால் கல்லீரலுக்கு ஆபத்து, மெலிந்த வயதானவர்களுக்கு அந்த வரம்பு இன்னும் கீழே. ட்ரமடாலுக்கும் 75 வயது தாண்டியவர்களுக்கு ஒரு நாள் உச்சவரம்பு 300 மி.கி. என்று வைத்திருக்கிறார்கள், மற்றவர்களுக்கு 400. தூக்க மாத்திரை சாப்பிடுகிறவரா? அல்பிரசோலம், குளோனசிபாம், நரம்பு வலிக்குக் கொடுக்கிற பிரீகாபலின், இவற்றில் ஏதாவது ஓபியாய்டோடு சேர்ந்தால் மூச்சு மந்தமாகும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? தட்டி எழுப்பினாலும் கண் திறக்கவில்லை, தொண்டையில் கரகரவென்று புதுவிதமான குறட்டை, மூச்சு விட்டு விட்டு மெதுவாக வருகிறது, உதடோ நகமோ நீலம் பாய்கிறது என்றால் ‘நல்லாத் தூங்குறாங்க’ என்று விட்டுவிடாதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு, ஒருக்களித்துப் படுக்கவைத்து, கூடவே இருங்கள். எலுமிச்சைச் சாறு, காபி என்று வாயில் எதையும் ஊற்றக்கூடாது. மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். மூச்சை மீட்டுக்கொண்டுவர நலாக்சோன் என்ற ஊசி இருக்கிறது, எந்த மருந்து என்று தெரிந்தால் உடனே போடுவார்கள்.

கேள்வி: அம்மாவுக்கு ஃபென்டனில் பேட்ச் ஒட்டுகிறோம். வலி அதிகமாக இருக்கும்போது அந்த இடத்தில் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாமா? பாதியாக வெட்டி ஒட்டலாமா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: இரண்டும் கூடாது. ஃபென்டனிலும் ஓபியாய்டுதான், தோலில் ஒட்டி மருந்தை உள்ளே இறக்குகிற பட்டை அது. சூடு பட்டால் மூன்று நாளைக்கு நிதானமாக இறங்க வேண்டிய மருந்து வேகமாக உள்ளே போய்விடும். ஒத்தடம் மட்டுமில்லை, ஹாட் பேக், மொட்டை மாடி வெயில், உடம்பில் நல்ல காய்ச்சல் எல்லாமே அப்படித்தான். காய்ச்சல் வந்தால் டாக்டரைக் கூப்பிடுங்கள். வெட்டினால் அளவு என்னவாகும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒட்டின தேதியையும் நேரத்தையும் பேனாவால் அதன் மேலேயே எழுதிவிடுங்கள். 72 மணி நேரம் கழித்துப் புதியதை வேறு இடத்தில் ஒட்டுங்கள், பழையதை எடுத்தோமா என்று இரண்டு முறை பாருங்கள், முதுகில் ஒன்று மறந்துபோய் இருந்தால் இரண்டு மடங்கு மருந்து. முதன்முதலாக ஒட்டும்போது முழுப் பலன் தெரிய அரை நாளிலிருந்து ஒரு நாள் ஆகும், அதற்குள் ‘வேலை செய்யவில்லை’ என்று இன்னொன்று ஒட்டிவிட வேண்டாம். எடுத்த பேட்ச்சிலும் மருந்து மிச்சமிருக்கும், ஒரு குழந்தையைக் கொல்ல அது போதும். பசை உள்பக்கம் ஒட்டுகிற மாதிரி இரண்டாக மடித்து அப்புறப்படுத்துங்கள்.

கேள்வி: கார் ஓட்டுகிறேன், 41 வயது. முதுகுவலிக்கு ட்ரமடால் சாப்பிட ஆரம்பித்து ஐந்து மாதம் ஆகிறது. இரண்டு நாள் விட்டால் மூக்கு ஒழுகுகிறது, கை கால் உளைச்சல், பேதி, தூக்கமே இல்லை. நான் போதைக்கு அடிமையாகிவிட்டேனா? (பெயர் வேண்டாம், மதுரை)

பதில்: அவசரப்பட்டு அந்தப் பட்டத்தை நீங்களே சூட்டிக்கொள்ளாதீர்கள் தம்பி. இத்தனை மாதம் தினமும் சாப்பிட்டால் யார் உடம்பும் பழகிவிடும், திடீரென்று நிறுத்தினால் இப்படித்தான் எதிர்ப்புக் காட்டும். அடிமை என்பது வலி இல்லாதபோதும் அதற்காகத் தேடி அலைவது, பொய் சொல்லி வாங்குவது, கெடுதல் என்று தெரிந்தும் விட முடியாமல் இருப்பது. அப்படி எதுவும் இருக்கிறதா என்பதை நீங்கள்தான் நேர்மையாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். இருந்தாலும் வெட்கப்பட வேண்டியதில்லை, 14446 என்ற எண்ணில் இலவசமாகப் பேசலாம்.

இரண்டில் எதுவானாலும் சட்டென்று நிறுத்தாதீர்கள். எழுதின டாக்டரிடம் போய் ‘குறைத்துக்கொண்டே வந்து விட்டுவிட வேண்டும்’ என்று சொல்லுங்கள், வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைப்பார். அதுவரை மாத்திரை போட்டுத் தலை கிறுகிறுக்கிற நேரத்தில் ஸ்டியரிங்கைத் தொடாதீர்கள், அளவு மாறுகிற நாட்களில் குறிப்பாக. இன்னொன்றும் கேளுங்கள். புதிதாக வந்த முதுகு, கழுத்து வலிக்காரர்களுக்கு ஓபியாய்டு கொடுத்து ஆஸ்திரேலியாவில் ஓர் ஆய்வு செய்தார்கள், 2023-ல் லான்செட்டில் வந்தது. ஆறு வாரம் கழித்துப் பார்த்தால் வெறும் மாவு மாத்திரை சாப்பிட்டவர்களை விட இவர்களுக்கு வலி ஒன்றும் கூடுதலாகக் குறைந்திருக்கவில்லை. நாள்பட்ட முதுகுவலிக்கும் இதன் பலன் சொற்பம்தான். பிசியோதெரபிஸ்ட்டிடம் போங்கள், சீட்டை நிமிர்த்தி வையுங்கள், சவாரிக்கு நடுவில் இறங்கி நடங்கள்.

கேள்வி: பதினைந்து வருஷமாக ஒரே மெடிக்கலில் வாங்குகிறேன். இப்போது பழைய சீட்டைக் காட்டினாலும் ட்ரமடால் தர மாட்டேன் என்கிறார் கடைக்காரர். நான் என்ன திருடனா? (வாசகர், வேலூர்)

பதில்: உங்களை யாரும் திருடன் என்று சொல்லவில்லை சார், அவர் பிழைப்பை அவர் பார்க்கிறார். 2018 ஏப்ரலிலிருந்து ட்ரமடால் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டது. அதற்கு முன்பே, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகளின் ஹெச்1 பட்டியலில் உண்டு, அட்டையில் சிவப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கையைப் பாருங்கள். டாக்டர் பெயர், நோயாளி பெயர், கொடுத்த அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். இந்த மாத்திரைகளை ஊசியில் ஏற்றிப் போதைக்குப் பயன்படுத்துகிற பையன்களைப் பற்றிப் பேப்பரில் படிக்கிறீர்கள்தானே? புதுச் சீட்டு வாங்கிக்கொண்டு போங்கள்.

கேள்வி: அம்மா தவறிப் போய்விட்டார். மார்ஃபின் மாத்திரைகள் மீதி இருக்கின்றன. வீட்டில் கல்லூரிக்குப் போகும் பையன் இருக்கிறான். என்ன செய்வது? (வாசகி, கோவை)

பதில்: வாங்கின ஆஸ்பத்திரியிலேயே திருப்பிக் கொடுக்க முடியுமா என்று முதலில் கேளுங்கள், கொடுத்தால் ஒரு ரசீதோ கையெழுத்தோ வாங்கிக்கொள்ளுங்கள். முடியாது என்றால் கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிடுங்கள். மற்ற மருந்துகளை அப்படிச் செய்யக் கூடாது, ஆனால் வீட்டில் கிடந்தால் ஒரு மாத்திரையே உயிருக்கு உலை வைக்கக்கூடிய சில மருந்துகளுக்கு அதுதான் வழி என்று மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025-ல் 17 மருந்துகளின் பட்டியலே வெளியிட்டது. மார்ஃபின், ஃபென்டனில், ட்ரமடால், இன்னொரு ஓபியாய்டான டபென்டடால் எல்லாம் அதில் இருக்கின்றன. ‘யாராவது ஏழை நோயாளிக்கு உதவுமே’ என்று எடுத்துவைப்பது நல்ல மனசுதான், ஆனால் இந்த மருந்தை அப்படிக் கைமாற்றுவது சட்டப்படி குற்றம்.

கேள்வி: ஆபரேஷன் முடிந்து வலி மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். அடுத்த வாரம் மச்சான் கல்யாணம். ஒரே ஒரு பெக் மட்டும்? (வாசகர், திருப்பூர்)

பதில்: கூடாது. பீரும் கூடாது. அன்று ஒரு நாள் மாத்திரையை விட்டுவிட்டுக் குடிக்கலாமா என்று அடுத்த கேள்வி அனுப்பாதீர்கள், அதற்கும் இதே பதில்தான்.