பங்க் டேங்க்கும் பக்கத்து வீட்டுக் கிணறும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் தெருமுனையில் ரொம்ப வருடமாக ஒரு பெட்ரோல் பங்க் இருக்கிறது. பூமிக்கடியில் உள்ள பழைய டேங்க்கைத் தோண்டி எடுக்காமல், உள்ளேயே ஃபைபர் பூசிச் சரிசெய்யப் போகிறார்களாம். அது போதுமா? எங்கள் கிணறு கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது.
– வாசகி, விழுப்புரம்

பதில்: அவர்களிடம் முதலில் ஒன்றைக் கேளுங்கள். உள்ளே போடப்போவது ஒற்றை அடுக்கா, நடுவில் இடைவெளி விட்டு இரண்டு அடுக்கா? ஒற்றை அடுக்கு என்றால் துருவைக் கொஞ்ச காலம் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான். பூச்சு விட்டுப்போய் அதன் பின்னால் இரும்பும் ஓட்டையாகியிருந்தால் பெட்ரோல் நேராக மண்ணுக்குப் போகும், தொடக்கத்தில் யார் கண்ணுக்கும் படாது.

இரண்டடுக்கு வேலை வேறு மாதிரி. டேங்க்கைக் காலி செய்து, ஆவியை முழுக்க வெளியேற்றி, அளந்து பார்த்த பிறகுதான் ஆள் உள்ளே இறங்க வேண்டும். சாண்ட் பிளாஸ்டிங் (மணலை வேகமாக அடித்துத் துருவை உதிர்ப்பது) செய்து, தகட்டின் தடிமனை அங்கங்கே சோதித்து, ஓட்டைகளை அடைத்துவிட்டு முதல் ஃபைபர் அடுக்கைப் போடுவார்கள். அதன்மேல் சில மில்லிமீட்டர் இடைவெளி தரும் ஒரு தனி வகைக் கண்ணாடியிழைத் துணி, அதற்கும் மேல் இன்னொரு அடுக்கு. அந்த இடைவெளியிலிருந்து காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்கி, அழுத்தத்தைக் காட்டும் ஒரு கேஜை மாட்டிவிடுவார்கள். உள்சுவரோ வெளிச்சுவரோ எது விட்டுப்போனாலும் வெற்றிடம் குறையும், அலாரம் அடிக்கும், அப்போது பெட்ரோல் இன்னும் மண்ணைத் தொட்டிருக்காது. இந்த ஏற்பாட்டின் உயிர்நாடியே அந்த இடைவெளிதான், ஃபைபரின் கனம் இல்லை. அதனால் கேஜை தினமும் யார் பார்க்கிறார்கள், எந்த நோட்டில் எழுதுகிறார்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

இன்னொன்று, டிப் ராட் விழும் இடம். எத்தனை லிட்டர் இருக்கிறது என்று பார்க்க அந்தக் கோலை ஒரே குழாய் வழியாக வருடக்கணக்கில் இறக்குவதால், அது இடிக்கும் இடத்தில் டேங்க்கின் அடித்தகடு தேய்ந்துவிடும். அதற்கு நேர் கீழே ஒரு தடித்த தகட்டை வைக்கச் சொல்லுங்கள். சின்ன வேலை, ஆனால் விட்டுவிடுவார்கள். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலப்பதால், ஃபைபரோடு சேர்த்துப் பூசுகிற ரெசின் (பிசின்) அதைத் தாங்கக்கூடியதா என்பதற்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். அப்புறம், உள்சுவர் வந்தால் கொள்ளளவு குறையும், பழைய அளவு அட்டவணை செல்லாது. அதை மாற்றாமல் விட்டால் இருப்புக் கணக்கில் விழும் துண்டு கசிவா, கணக்குப் பிழையா என்றே தெரியாமல் போகும்.

கேள்வி: டேங்க் மட்டும் கெட்டியாக இருந்தால் போதாதா?
– வாசகர், கரூர்

பதில்: போதாது. அமெரிக்காவின் ஹவாயில், ரெட் ஹில் என்ற மலைக்குள் கடற்படை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் 20 டேங்க்குகள் கட்டியது. ஒவ்வொன்றும் சுமார் 4.7 கோடி லிட்டர், அதற்குச் சுமார் 100 அடி கீழே குடிநீருக்கான நிலத்தடி நீர். 2014 ஜனவரியில் 5ஆம் எண் டேங்க்கிலிருந்து சுமார் 1 லட்சம் லிட்டர் எரிபொருள் கசிந்தது. கொடுமை என்னவென்றால், அது அப்போதுதான் பழுதுபார்த்து மறுபடி நிரப்பப்பட்ட டேங்க். வெல்டிங் சரியில்லை, அதைச் சோதித்தவர்களும் கோட்டைவிட்டார்கள். டேங்க்குக்குள் டேங்க் வைப்பது உட்படப் பல யோசனைகளை வருடக்கணக்கில் பேசிக்கொண்டே இருந்தார்கள். 2021 நவம்பரில் குழாய் வழியாகக் கசிந்த எரிபொருள் குடிநீரிலேயே கலந்தது. சுமார் 93,000 பேருக்குத் தண்ணீர் தந்த அமைப்பு அது. 2022 மார்ச்சில் மொத்தத்தையும் மூட உத்தரவு வந்தது.

நம் ஊரிலும் 2013இல் சென்னை தண்டையார்பேட்டையில் வீட்டு ஆழ்துளைக் கிணறுகளில் எண்ணெய் வந்ததே, அதுவும் பூமிக்கடியில் போன குழாயின் கசிவுதான். எனவே குழாய்க்கும் இரட்டைச் சுவர், பம்புக்கு அடியில் கசிவைப் பிடிக்கும் தொட்டி, லாரியிலிருந்து ஊற்றும் வாயைச் சுற்றிச் சிந்துவதை ஏந்தும் கிண்ணம், இவை எல்லாமும் வேண்டும். டேங்க்குக்கு மட்டும் செலவழித்துவிட்டு இவற்றை விட்டால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது.

கேள்வி: கிணற்றுத் தண்ணீரில் வானவில் மாதிரி படலம் மிதக்கிறது. பக்கத்தில் பங்க் இருக்கிறது. பயமாக இருக்கிறது.
– வாசகி, நாகர்கோவில்

பதில்: ஒரு வாளியில் மொண்டு, படலத்தைக் குச்சியால் கலைத்துப் பாருங்கள். சில்லுசில்லாக உடைந்து அப்படியே நின்றால் பெரும்பாலும் இரும்புச்சத்தில் வளரும் பாக்டீரியாதான். கலைத்ததும் மறுபடி ஒன்றாகக் கூடினால், அதோடு பெட்ரோல் வாடையும் வந்தால், அன்றைக்கே அந்தத் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் நிறுத்துங்கள். கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள், பெட்ரோலில் இருக்கும் பென்சீன் என்ற நச்சு ஆவியாகி அடுப்படியில் நிற்பவர் மூக்குக்குள்தான் போகும். மோட்டாரையும் போடாதீர்கள், கிணற்றுக்குள் ஆவி தேங்கியிருந்தால் ஒரு பொறி போதும்.

படலம் இல்லை என்பதாலேயே தண்ணீர் சுத்தம் என்றும் ஆகாது, கரைந்த பென்சீன் கண்ணுக்குத் தெரியாது. கண்ணாடி பாட்டிலில் காற்றுக்குமிழ் இல்லாமல் நிரப்பி, குளிர்ச்சியாக வைத்து, பென்சீன் சோதனை செய்யும் ஆய்வகத்தில் கொடுங்கள். முடிவு வரும்வரை காத்திருக்காமல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் கலெக்டருக்கும் மனு எழுதுங்கள். பங்க்கின் இருப்புப் பதிவேட்டைச் சரிபார்க்கச் சொல்லி மனுவிலேயே கேளுங்கள், ரசீது வாங்காமல் வராதீர்கள்.