மரத்தடியில் நின்ற மாடுகள் இடியில் இறந்தது ஏன்?

கேள்வி: மழைக்கு ஒதுங்கிப் பெரிய மரத்தடியில் நின்ற என் மூன்று மாடுகள் இடி விழுந்து இறந்துவிட்டன. இடி விழுந்தது மரத்தில்தான். மாடுகள் மேல் காயமே இல்லை. சற்றுத் தள்ளி நின்ற எனக்குக் கால் மரத்துப்போனதோடு சரி. ரப்பர் செருப்பு போட்டிருந்ததால்தான் தப்பினேனா? மிச்ச மாடுகளை எப்படிக் காப்பாற்றுவது?

பதில்: மூன்று மாடுகளை ஒரே நொடியில் பறிகொடுத்திருக்கிறீர்கள், மனம் கனக்கிறது. கால் மரத்ததைச் சும்மா விடாமல் முதலில் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

செருப்பு உங்களைக் காப்பாற்றவில்லை. கிலோமீட்டர் கணக்கில் காற்றைப் பிளந்துகொண்டு வரும் மின்னலுக்கு அரை அங்குல ரப்பர் ஒரு தடையே அல்ல. மரத்தில் இறங்கிய மின்சாரம், சாதாரணமாக 30,000 ஆம்பியர் அளவுக்கு, வேரடியிலிருந்து நிலத்தில் நாலாபக்கமும் பரவும். மரத்தடியில் மின்னழுத்தம் மிக அதிகம். தள்ளிப் போகப்போகக் குறையும். மாட்டின் முன்காலுக்கும் பின்காலுக்கும் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் இடைவெளி. அதனால் முன்கால் நிற்கும் இடத்தில் ஓர் அழுத்தம், பின்கால் நிற்கும் இடத்தில் வேறோர் அழுத்தம். அந்த வித்தியாசம்தான் மின்சாரத்தை ஒரு காலில் ஏற்றி, நெஞ்சு வழியாக மறுகாலில் இறக்குகிறது. வெளியே காயம் தெரியாது, இதயம் நின்றுவிடும். நீங்கள் தள்ளி நின்றீர்கள், இரண்டு கால்களும் பக்கத்தில் இருந்தன; ஏறிய கொஞ்ச மின்சாரமும் இடுப்போடு திரும்பியிருக்கும். நார்வேயில் 2016 ஆகஸ்டில் 323 கலைமான்கள் மின்னலில் ஒரே இடத்தில் செத்துக் கிடந்தன. நெருங்கி நிற்கும் மந்தைக்கு ஆபத்து அவ்வளவு பெரியது.

வானம் இருட்டத் தொடங்கும்போதே மாடுகளை ஓட்டி வந்துவிடுங்கள். இடி கேட்ட பிறகு அவற்றைப் பிடிக்க வெளியே ஓட வேண்டாம், உங்கள் உயிர்தான் முக்கியம். தனி மரத்தைச் சுற்றி வேலி போட்டு மாடுகளை அண்டவிடாமல் செய்யலாம். ஆனால் மாடுகளைக் கம்பி வேலியில் கட்டாதீர்கள். தூரத்தில் விழுந்த மின்னலையும் கம்பி கடத்திக்கொண்டு வரும். கொட்டகைக்கு இடிதாங்கி வைத்து, நிலத்தில் ஆழமாக எர்த் கொடுங்கள். மோட்டார் ஸ்டார்ட்டரைப் புயலுக்கு முன்பே நிறுத்துங்கள், இடிக்கும்போது தொடவே கூடாது. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே வயலில் இறங்குங்கள்.

அப்புறம் ஒன்று. மின்னல் தாக்கிய ஆளைத் தொட்டால் நமக்கும் ஷாக் அடிக்கும் என்று தயங்குகிறார்கள். உடம்பில் மின்சாரம் தங்காது. மூச்சில்லாவிட்டால் உடனே நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்யுங்கள், பலர் பிழைத்திருக்கிறார்கள்.