பழைய ரிவால்வரை வாங்குங்கள், நண்பரின் பாதிப் பணத்தை வாங்காதீர்கள்

கேள்வி: டெக்சாஸில் டாலஸுக்குப் பக்கத்தில் இருக்கிறேன். கிரீன் கார்டு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர் (ஒவ்வொரு முறையும் ஹேமரை, அதாவது பின்னாலிருக்கும் சுத்தியலை, கட்டைவிரலால் இழுத்துச் சுடும் வகை) ஒன்று வாங்கி ரேஞ்சில் சுட்டுப் பழக ஆசை. தெரிந்தவர் ஒருவர் மூலம் பழைய ரூகர் பிளாக்ஹாக் .357 ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 9 மி.மீ. சிலிண்டர் (தோட்டா போடும் சுழலும் உருளை) ஒன்றும் கூடவே தருகிறாராம். ‘கையில் காசு கொடுங்கள், பேப்பர் ஒன்றும் வேண்டாம்’ என்கிறார். எச்-1பி விசாவில் இருக்கும் நண்பர் பாதிப் பணம் போடுகிறேன் என்கிறார். ஆளுக்கு ஒரு மாதம் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தோம். .357 சரியா, .45 வாங்க வேண்டுமா? பழையதில் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: நீங்கள் காலிபரை, அதாவது தோட்டாவின் அளவைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எனக்குக் கவலை உங்கள் கடிதத்தின் கடைசியில் வரும் நண்பரைப் பற்றி. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் கேட்டதற்குப் பதில்.

.357 மேக்னம் வாங்குங்கள். யோசிக்கவே வேண்டாம். 1935-ல் வந்த தோட்டா இது. அதற்கு முன்பே புழக்கத்தில் இருந்த .38 ஸ்பெஷல் தோட்டாவின் கூட்டை மூன்று மி.மீ. சொச்சம் நீட்டித்தான் இதைச் செய்தார்கள். பெயரில்தான் 38, 357 என்று வித்தியாசம். இரண்டின் குண்டும் ஒரே விட்டம்தான். அதனால் .357 ரிவால்வரில் .38 ஸ்பெஷலைத் தாராளமாகச் சுடலாம். .38 ரிவால்வரில் .357 நுழையாது, நுழையக் கூடாது என்பதற்காகத்தான் கூட்டை நீட்டினார்கள். .38-க்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் 17,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு), .357-க்கு 35,000. அதாவது ஒரே துப்பாக்கியில் பழகுபவருக்கு மென்மையான தோட்டாவும் உண்டு, கை பழகிய பிறகு சுட இரண்டு மடங்கு வலுவுள்ள தோட்டாவும் உண்டு.

.45 கோல்ட் 1873-லிருந்து இருக்கும் தோட்டா. அழகானது, எனக்கும் பிடிக்கும். ஆனால் முதல் துப்பாக்கிக்கு வேண்டாம். தோட்டா விலை அதிகம். அதைவிட ஒரு ஆபத்து: .45 கோல்ட் பெயரில் ‘ரூகருக்கு மட்டும்’ என்று குறிப்பிட்ட மிக வலுவான தோட்டாக்களும் விற்கிறார்கள். அதே பெயர், அதே அளவு. பழைய கோல்ட் கம்பெனித் துப்பாக்கியிலோ அதன் இத்தாலிய நகலிலோ அதைப் போட்டுச் சுட்டால் சிலிண்டர் பிளக்கலாம். புதிதாக வருபவர் பெட்டியில் இருக்கும் சின்ன எழுத்தைப் படிப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை.

9 மி.மீ. சிலிண்டர் நல்ல விஷயம். கடையில் கைத்துப்பாக்கித் தோட்டாக்களில் மலிவானவற்றுள் 9 மி.மீ. ஒன்று. சாதாரண ரிவால்வரில் அதைச் சுட, தோட்டாக்களைக் கோத்துப் பிடிக்கும் வட்டத் தகடு பெரும்பாலும் தேவைப்படும். சிங்கிள் ஆக்‌ஷனில் காலிக் கூட்டை ஒவ்வொன்றாகக் கம்பியால் தள்ளித்தான் வெளியேற்றுகிறோம், ஆகவே தகடு வேண்டியதில்லை. குண்டு மயிரிழை சிறியதாக இருப்பதால் குறி கொஞ்சம் சிதறும், அவ்வளவுதான்.

ஆனால் அந்தச் சிலிண்டர் அந்தத் துப்பாக்கியோடு பிறந்ததா? இது முக்கியம். தொழிற்சாலையிலேயே இரண்டு சிலிண்டரையும் அந்தத் துப்பாக்கியின் சட்டகத்துக்குப் பொருத்திப் பார்த்துத்தான் அனுப்புவார்கள்; கூடுதல் சிலிண்டரில் துப்பாக்கியின் வரிசை எண்ணின் கடைசி மூன்று இலக்கத்தைப் பொறிப்பார்கள். எண் ஒத்துப்போகவில்லை என்றால் எங்கோ கழற்றியது. சிலிண்டரின் அறை பேரலுக்கு (குழலுக்கு) நேராக நிற்காமல் ஈயத்தைப் பக்கவாட்டில் உமிழும். ‘சிலிண்டர் இலவசம்’ என்று சொல்லி விலையை ஏற்றியிருப்பார்கள், கவனியுங்கள்.

அடுத்து, சட்டகத்தின் பக்கவாட்டில் எத்தனை திருகுகள் என்று எண்ணுங்கள். மூன்று திருகு இருந்தால் அது 1973-க்கு முந்தைய பழைய மாடல். இரண்டு ஊசிகள் இருந்தால் புதிய மாடல். புதிய மாடலில், விசையை அழுத்தினால் மட்டும் மேலே எழும்பும் ஒரு இரும்புத் துண்டு ஹேமருக்கும் ஃபயரிங் பின்னுக்கும் (தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் முள்) நடுவே நிற்கிறது. ஆறு தோட்டாவும் நிரப்பலாம். பழைய மாடலில் அது கிடையாது. ஹேமருக்கு நேராகத் தோட்டா இருக்கும்போது துப்பாக்கி கீழே விழுந்தால் வெடித்துவிடும். பலர் தொடையிலும் காலிலும் சுட்டுக்கொண்டது இப்படித்தான். அதனால் பழைய மாடலிலும் கோல்ட் வகையிலும் ஐந்துதான் போட வேண்டும்: ஒன்று போடு, ஒன்று விடு, நான்கு போடு, ஹேமரை முழுக்க இழுத்து மெல்ல இறக்கு. ஹேமர் காலி அறையில் வந்து நிற்கும்.

பழைய மாடலை ரூகர் கம்பெனிக்கு அனுப்பினால் பாதுகாப்புத் துண்டை இலவசமாகப் பொருத்தி, கழற்றிய பழைய பாகங்களையும் திருப்பித் தருவார்கள். ‘மாற்றவே மாற்றாத ஒரிஜினல், சேகரிப்பாளர் விலை’ என்று தரகர் தலையில் கட்டப் பார்ப்பார். நீங்கள் சுடுவதற்காக வாங்குகிறீர்கள். மாற்றாத துப்பாக்கிக்குக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். தயாரான ஆண்டைத் தெரிந்துகொள்ள வரிசை எண்ணை ரூகரின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள்.

கையில் வாங்கியதும் வலப்பக்கத்துச் சின்னக் கதவைத் திறந்து, ஆறு அறையும் காலியா என்று கண்ணால் பாருங்கள். பிறகு ஹேமரை மெதுவாக இழுத்து, ஒவ்வொரு அறைக்கும் சிலிண்டர் ‘டக்’ என்று பூட்டுகிறதா என்று ஆறு முறை பார்க்க வேண்டும். முழுக்க இழுத்த நிலையில் கட்டைவிரலால் ஹேமரை முன்பக்கம் லேசாகத் தள்ளுங்கள். நழுவி விழுந்தால் யாரோ வீட்டில் அரம் போட்டு விசையை இளக்கியிருக்கிறார்கள். அதை அப்படியே கீழே வைத்துவிடுங்கள். திருகுத் தலைகள் சிதைந்திருந்தாலும் அதே சந்தேகம்தான். பேரல் சிலிண்டரைச் சந்திக்கும் வாயில் டார்ச் அடித்து விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். இவ்வளவுதான். மேல்பூச்சு தேய்ந்திருப்பதெல்லாம் அழகுப் பிரச்சினை.

இப்போது ‘பேப்பர் வேண்டாம்’ என்ற அந்தத் தெரிந்தவர். டெக்சாஸில் வசிக்கும் ஒருவர் தன் சொந்தத் துப்பாக்கியை, அதே மாநிலத்தில் வசிக்கும், துப்பாக்கி வைத்துக்கொள்ளத் தகுதியுள்ள இன்னொருவருக்குப் படிவம் இல்லாமல் விற்பதைச் சட்டம் தடுக்கவில்லை. உண்மைதான். ஆனால் உங்கள் ஆள் உரிமையாளரா, தரகரா? லாபத்துக்காக வாங்கி வாங்கி விற்பவருக்கு மத்திய அரசின் வணிக உரிமம் கட்டாயம். அது இல்லாமல் வார இறுதிக் கண்காட்சிகளில் மேசை போட்டு, ‘என் பெரியப்பாவின் கலெக்‌ஷன்’ என்று மாதாமாதம் வேறு வேறு துப்பாக்கி விற்கிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். அந்தத் துப்பாக்கி திருட்டுப் பொருளாக இருந்தால் போலீஸ் கதவைத் தட்டுவது உங்கள் வீட்டில். விற்பவரையும் கூட்டிக்கொண்டு உரிமம் உள்ள கடைக்குப் போங்கள். சிறு கட்டணம் வாங்கிக்கொண்டு கடைக்காரரே, வாங்குபவர் நிரப்பும் 4473 என்ற மத்திய அரசுப் படிவத்தில் கைமாற்றித் தருவார். வர மாட்டேன் என்று விற்பவர் சொன்னால் விட்டுவிடுங்கள். பிளாக்ஹாக் 1955 முதல் சந்தையில் இருக்கிறது. இது போனால் இன்னொன்று கிடைக்கும்.

அந்தப் படிவம் நம் ஆட்களை என்ன பாடு படுத்துகிறது! நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, விசாவில் ‘எஃப்.என்.யு.’ (முதல் பெயர் தெரியாது) போட்டு இன்னொரு மாதிரி, ஓட்டுநர் உரிமத்தில் அப்பா பெயரை முன்னும் பின்னும் மாற்றி மூன்றாவது மாதிரி. படிவத்திலோ முதல், நடு, கடைசி என்று மூன்று கட்டம். அடையாள அட்டையில் இருக்கிறபடியே எழுதுங்கள். நடுப்பெயர் இல்லையென்றால் காலியாக விடாமல் ‘என்.எம்.என்.’ என்றும், வெறும் இனிஷியல் என்றால் அதையடுத்து ‘ஐ.ஓ.’ என்றும் எழுதச் சொல்லி அதன் குறிப்புகளிலேயே இருக்கிறது. கவுண்டரில் இருக்கும் பையனுக்குக்கூட இது தெரிவதில்லை. கிரீன் கார்டில் யு.எஸ்.சி.ஐ.எஸ். எண் என்று அச்சிட்டிருப்பதுதான் படிவம் கேட்கும் ஏலியன் எண். உரிமத்தில் பழைய அபார்ட்மெண்ட் முகவரி இருந்தால் முதலில் அதை மாற்றிவிட்டுப் போங்கள்.

இத்தனையும் சரியாக எழுதினாலும், கடைக்காரர் எஃப்.பி.ஐ.யிடம் உங்கள் பின்னணியைச் சரிபார்க்கும்போது ‘தாமதம்’ என்று பதில் வரலாம். உங்கள் பெயரை ஒத்த யாரோ ஒருவர் எங்கோ பதிவில் இருப்பார். எஃப்.பி.ஐ. மூன்று வேலை நாளில் பதில் தராவிட்டால் கடைக்காரர் கொடுக்கலாம் என்பது சட்டம். பல கடைகள் கொடுப்பதில்லை. எனக்குத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு முறையும் இதே போல் நின்றார். கடைசியில் எஃப்.பி.ஐ.யின் தன்னார்வ மேல்முறையீட்டுக் கோப்பில் விண்ணப்பித்து ஒரு தனி அடையாள எண் வாங்கினார். அதைப் படிவத்தில் எழுத ஆரம்பித்த பிறகுதான் அந்தத் தொல்லை தீர்ந்தது. தப்பே செய்யாத மனிதர் தன்னை நிரூபிக்கக் கைரேகை அனுப்ப வேண்டியிருக்கிறது.

இனி உங்கள் நண்பர். அவர் காசை வாங்காதீர்கள். துப்பாக்கியை அவரிடம் ஒரு நாள்கூடக் கொடுக்காதீர்கள். எச்-1பி, எஃப்-1, எல்-1 என்று தற்காலிக விசாவில் வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்திய அரசுக் குற்றம். தெரிந்தே கொடுத்தவருக்கும் குற்றம். 2022 முதல் இரண்டுக்கும் 15 ஆண்டு வரை சிறை. இதில் கிரீன் கார்டும் போகும். துப்பாக்கிக் குற்றம் என்பது நாடுகடத்தலுக்குத் தனிக் காரணமாகவே குடிவரவுச் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. ‘வைத்திருப்பது’ என்றால் சொந்தமாக வாங்குவது மட்டுமல்ல. ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும், உங்கள் வீட்டுப் பெட்டகத்தின் சாவி அவரிடம் இருப்பதும் இதில் சேரும். ‘ஒரே ஒரு ரவுண்டு சுட்டுப் பார்க்கட்டுமே’ என்று கூட்டிப்போய், போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறார்களே, அது அவர்களே கொடுக்கும் சாட்சி.

ஒரு விதிவிலக்கு உண்டு. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால் தற்காலிக விசாக்காரரும் வைத்திருக்கலாம், வாங்கலாம். அமெரிக்காவின் எந்த மாநிலம் கொடுத்த லைசென்ஸும் செல்லும். மீன்பிடி லைசென்ஸ் மட்டும் வைத்திருந்தால் போதாது. இரண்டும் சேர்ந்ததாக இருந்தால் சரி. வேட்டைக்கே போகாவிட்டாலும் பரவாயில்லை, லைசென்ஸ் உயிரோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான். அங்கேதான் பொறி. டெக்சாஸ் வேட்டை லைசென்ஸ் வழக்கமாக ஆகஸ்ட் 31-ம் தேதி காலாவதியாகும். உங்கள் நண்பர் ஜூன் மாதம் வாங்குகிறார் என்று வையுங்கள்; மூன்று மாதம்கூட வராது. செப்டம்பர் 1-ம் தேதி காலையில் அலமாரியில் துப்பாக்கி இருக்கிறது, லைசென்ஸ் இல்லை. அவர் அசையக்கூட இல்லை, குற்றவாளியாகிவிட்டார். யாரும் கடிதம் போட்டு நினைவுபடுத்த மாட்டார்கள். இந்த விதிவிலக்கைக் கடைக்காரர்கள் உற்சாகமாகச் சொல்வார்கள், விற்பனை ஆகிறது அல்லவா. காலாவதித் தேதியைச் சொல்ல மாட்டார்கள். நண்பருக்கு உண்மையிலேயே ஆசை இருந்தால் அவரே லைசென்ஸ் எடுத்து, அவர் பெயரிலேயே தனியாக வாங்கி, புதிய பருவத்துக்கான லைசென்ஸை ஆகஸ்ட் முடிவதற்குள் எடுத்துவிடட்டும்.

‘இரண்டு பேருக்கும் தகுதி இருந்தால் நான் வாங்கிக் கொடுக்கலாமே’ என்று அடுத்து கேட்பீர்கள். வர்ஜீனியாவில் ப்ரூஸ் அப்ராம்ஸ்கி என்ற முன்னாள் போலீஸ்காரர், தனக்குக் கிடைக்கும் சலுகை விலையில் தன் மாமாவுக்காக ஒரு கைத்துப்பாக்கி வாங்கினார். மாமா 400 டாலர் காசோலை முன்கூட்டியே அனுப்பியிருந்தார். இருவருமே சட்டப்படி தகுதியானவர்கள். ஆனால் படிவத்தில் ‘உண்மையில் வாங்குவது நான்தான்’ என்று எழுதியது பொய் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் 5–4 என்ற பெரும்பான்மையில் தண்டனையை உறுதி செய்தது. சொந்த மாமாவுக்கே இந்த நிலை. நண்பர் வங்கி வழியாக அனுப்பும் பாதிப் பணத்துக்கு என்ன விளக்கம் சொல்வீர்கள்?

கஞ்சா விஷயம் ஒரே வரியில்: எந்த மாநிலம் அனுமதித்திருந்தாலும் படிவத்தைப் பொறுத்தவரை அது மத்திய சட்டப்படி குற்றம்தான்.

எல்லாம் முடிந்து துப்பாக்கி கைக்கு வந்த பிறகு அவசரப்படாதீர்கள். முதல் இரண்டு மூன்று தடவை .38 ஸ்பெஷல் மட்டும், அதிலும் 148 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் அளவு) தட்டைமூக்குக் குண்டு. காகிதத்தில் பேப்பர் பஞ்ச் அடித்த மாதிரி வட்டமாக ஓட்டை விழும், பார்க்கவே சுகம். பின்னுதைப்பு வரும்போது இந்தக் கைப்பிடி உள்ளங்கையில் உருண்டு மேலே எழும்பும். அதோடு மல்லுக்கட்டாமல் உருள விடுங்கள், கட்டைவிரல் தானாக ஹேமருக்குப் போய்விடும். இடக்கை விரல்கள் சிலிண்டருக்கு முன்னால் போகவே கூடாது. பேரலுக்கும் சிலிண்டருக்கும் இடையிலான இடைவெளியில் சூடான வாயு கத்தி போல வெட்டும். 158 கிரெய்ன் .357-க்கு மாறும்போது குறி இடம் மாறும். அதற்குத்தான் பிளாக்ஹாக்கின் பின்பக்கக் குறிகாட்டி திருகித் திருத்தும்படி இருக்கிறது.

.38 நிறையச் சுட்டால் அறையின் முன்பாதியில் கரியும் ஈயமும் வளையமாகப் படியும். பிறகு .357 போட்டால் இறுக்கும், கூடு சிக்கும். வெண்கலத் தூரிகையால் ஒவ்வொரு முறையும் தேய்த்து எடுங்கள். அடுத்தவர் வீட்டில் நிரப்பிப் பையில் போட்டு விற்கும் தோட்டாவைத் தொடாதீர்கள். ரேஞ்சிலிருந்து வந்ததும் குளிர்ந்த தண்ணீரிலும் சோப்பிலும் கையைக் கழுவிவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்க வேண்டும். ஈயம் விரலில் ஒட்டியிருக்கும். வீட்டில் பூட்டு அவசியம். அஜாக்கிரதையால் 17 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் கைக்குத் தோட்டா நிரப்பிய துப்பாக்கி எட்டும்படி விடுவது டெக்சாஸில் குற்றம்.

ரேஞ்சுக்கென்று தனிப் பை ஒன்று வாங்கி, அதை வேறு எதற்கும் பயன்படுத்தாதீர்கள். லேப்டாப் பையில் தோட்டாப் பெட்டியைப் போட்டுப் போவார்கள், ஒன்று உருண்டு ஓரத்தில் தங்கிவிடும், டிசம்பரில் அதே பையோடு ஊருக்குக் கிளம்புவார்கள். இங்கே ஸ்கேனரில் தப்பினால் திரும்பி வரும்போது சென்னையிலோ டெல்லியிலோ சிக்கும். ஒற்றைத் தோட்டாவுக்கும் 1959-ம் வருட ஆயுதச் சட்டத்தில் வழக்கு உண்டு. விமானம் போய்விடும், பாஸ்போர்ட் கோர்ட்டில் இருக்கும். பை வாங்கும்போது ரிவால்வரின் பெட்டி நுழையும் அளவுக்குப் பார்த்து வாங்குங்கள்.