கொலார்ட் கீரையில் வரும் புகைவாசனை: இறைச்சி கலந்திருக்குமா?

ஆம், பெரும்பாலும் கலந்திருக்கும். அட்லாண்டாவில் உங்கள் வீட்டருகேயுள்ள சோல் ஃபுட் (அமெரிக்கத் தென்மாநிலக் கறுப்பின மக்களின் மரபுச் சமையல்) உணவகத்தில் காய்கறித் தட்டு என்றே கேட்டு வாங்கியும் கொலார்ட் கீரையில் புகைவாசனை அடித்ததாக எழுதியிருக்கிறீர்கள். கீரையோடு நெடுநேரம் வேகவிடப்பட்ட, புகையூட்டிய பன்றிக் கணுக்கால் துண்டோ வான்கோழிக் கழுத்தோதான் அதற்குக் காரணமாக இருக்க வேண்டும்.

அவர்கள் உங்களை ஏமாற்றியதாக எண்ண வேண்டாம். அமெரிக்கத் தென்மாநிலங்களில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பின மக்கள், தங்களுக்குக் கிடைத்த சிறிதளவு உப்பிட்ட இறைச்சியைக் கொண்டு ஒரு பானைக் கீரை முழுவதற்கும் சுவையேற்றினார்கள். அந்த மரபில் இறைச்சி நம் தாளிதத்தைப் போன்றது. அதைத் தனி உணவாக எவரும் கருதுவதில்லை.

ஆகவே, "இறைச்சி உண்டா?" என்பதற்குப் பதிலாக, "எதைச் சேர்த்து வேகவைத்தீர்கள், பன்றியா, வான்கோழியா?" என்று பரிமாறுபவரிடம் கேட்டுப் பாருங்கள், தெளிவான விடை கிடைக்கும். தட்டைப்பயறுக்கும் பச்சை பீன்ஸுக்கும் இதே கேள்வியைக் கேளுங்கள். சோள ரொட்டியிலும் சில இடங்களில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பதுண்டு. மக்ரோனி சீஸும் பாகில் வெந்த சர்க்கரைவள்ளிக்கிழங்கும் பெரும்பாலும் இறைச்சியற்றவை. எனினும் கிழங்கின்மேல் மார்ஷ்மெல்லோ இருந்தால், அதில் விலங்கிலிருந்து எடுக்கப்படும் ஜெலட்டின் இருக்கக்கூடும்.

ஓர் எச்சரிக்கை: பொரித்த வெண்டைக்காயில் இறைச்சி இல்லை என்று அவர்கள் உண்மையாகவே சொன்னாலும், கோழியும் கெளுத்தி மீனும் பொரித்த அதே எண்ணெயில் அது பொரிக்கப்பட்டிருக்கலாம். அதுவும் கூடாது என்பது உங்கள் வழக்கமானால், தாவர உணவு மட்டுமே சமைக்கும் சோல் ஃபுட் உணவகங்கள் அட்லாண்டாவிலேயே இருக்கின்றன. அங்கே கீரையைத் தயக்கமின்றி உண்ணலாம்.