டேப்லெட் தவணை வேண்டாம், ஏப்ரல் வரை பொறுங்கள்

கேள்வி: என் கணவர் ராணுவத்தில் ஹவில்தார். 16 வருட சர்வீஸ், அடிப்படைச் சம்பளம் 37,000 ரூபாய். சொந்த ஊர் வேலூர் பக்கம். இப்போது செகந்திராபாத்தில் குவார்ட்டர்ஸில் இருக்கிறோம். மகள் 9-ம் வகுப்பு, மகன் 5-ம் வகுப்பு. இருவரும் கேந்திரிய வித்யாலயாவில் படிக்கிறார்கள். மகளுக்கு இது நான்காவது பள்ளி. பழைய பள்ளி டையால்தான் நோட்டுக்கட்டைக் கட்டி வைத்திருக்கிறாள். ஜனவரியில் பஞ்சாபில் உள்ள பதான்கோட்டுக்கு மாற்றல். எந்த ஊருக்குப் போனாலும் பாடம் விட்டுப்போகாது என்று சொல்லி, டேப்லெட்டோடு ஒரு கோர்ஸ் விற்க வந்தார்கள். மாதம் 2,600 வீதம் 24 தவணை. கல்விப்படியிலேயே கட்டிவிடலாம் என்கிறார்கள். சேமிப்பு 1,10,000 ரூபாய் இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: சகோதரி, கையெழுத்துப் போடாதீர்கள். மொத்தம் 62,400 ரூபாய் ஆகிறது. அதைவிடப் பெரிய சிக்கல், அவர்கள் சொன்ன கணக்கிலேயே இருக்கிறது. அகவிலைப்படி 50 சதவீதத்தைத் தொட்டதால், 2024 ஜனவரி முதல் கல்விப்படி ஒரு பிள்ளைக்கு மாதம் 2,812.50 ரூபாய். மேலோட்டமாகப் பார்த்தால் தவணைக்குச் சரியாக இருப்பது போலத்தான் தெரியும். ஆனால் அந்தப் பணம் மாதாமாதம் வருவதில்லை. வருடம் முடிந்து, தலைமையாசிரியர் சான்றிதழ் கொடுத்து, யூனிட்டில் பார்ட்-டூ ஆர்டர் (சம்பள அலுவலகத்துக்குப் போகும் அதிகாரபூர்வப் பதிவு) போட்ட பிறகுதான் மொத்தமாக வரும். தவணையோ மாதாமாதம் சம்பளக் கணக்கிலிருந்து போய்விடும். மாற்றல் சமயத்தில் கணவர் அங்கே, நீங்கள் இங்கே என்று இரண்டு வீட்டுச் செலவு ஓடும் மாதத்தில் அது கழுத்தைப் பிடிக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. ஜனவரியிலேயே மகளையும் அழைத்துக்கொண்டு போகப் போகிறீர்களா? முடிந்தவரை வேண்டாம். சிபிஎஸ்இயில் 9, 10 இரண்டும் ஒரே கட்டு. 9-ல் பதிவான பாடங்களைத்தான் 10-ல் எழுத வேண்டும். கணவர் முன்னால் போகட்டும். பிள்ளைகளின் படிப்பைக் காரணம் காட்டி, மார்ச் வரை குவார்ட்டர்ஸில் இருக்க அனுமதி கேட்டு இப்போதே எழுதிக் கொடுங்கள். முழுத்தேர்வு முடிந்து ஏப்ரலில் போனால், 10-ம் வகுப்பு முழுவதும் அவளுக்கு ஒரே பள்ளி, ஒரே டீச்சர்கள், சேர்ந்து படிக்க ஒரு தோழி. இதற்காக மூன்று மாதம் கூடுதலாகச் செலவானால் ஆகட்டும், சேமிப்பிலிருந்து 30,000 வரை தாராளமாக எடுங்கள்.

10-ல் நேரடியாகச் சேர்க்க போர்டின் அனுமதி வேண்டும். மாற்றல் ஆர்டரைக் காட்டினால் பள்ளியே அதற்கு ஏற்பாடு செய்யும். அவள் எடுத்திருக்கும் இரண்டாம் மொழி பதான்கோட் பள்ளியில் இருக்கிறதா என்று முன்பே போன் போட்டுக் கேளுங்கள். செயற்கை நுண்ணறிவு போன்ற கூடுதல் பாடம் எடுத்திருந்தால் அதையும் விசாரியுங்கள். இடையில் தனியார் பள்ளிக்கு மட்டும் மாற்றிவிடாதீர்கள். ஒரு கேந்திரிய வித்யாலயாவிலிருந்து இன்னொன்றுக்கு டிசியோடு போவது சுலபம். வெளியே போய்த் திரும்பினால், காலியிடம் இருக்கிறதா என்று காத்திருக்க வேண்டும்.

கிளம்பும் முன் இரண்டு பிள்ளைகளுக்கும் படிப்புச் சான்றிதழைக் கையோடு வாங்கிவிடுங்கள். அது இல்லாமல் கல்விப்படிக்காக இரண்டு ஊருக்கும் நடுவே அலைந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். மனது கஷ்டமாக இருக்கும்.

சரி, கம்ப்யூட்டர் தேவையே இல்லையா என்றால், தேவைதான். வருடம் முடிந்து இருவருக்கும் சேர்த்து 67,500 ரூபாய் கல்விப்படி வரும். அதில் 40,000-க்குள் ஒரு லேப்டாப் ரொக்கமாக வாங்குங்கள். ராணுவ கேன்டீன் விலையையும் விசாரித்துவிடுங்கள். ஒரே கம்பெனியின் பாடத்தோடு பூட்டி வைத்த டேப்லெட்டைவிட, இரண்டு பிள்ளைகளும் வருடக்கணக்கில் பயன்படுத்தும் லேப்டாப் மேல். பாடத்துக்குத் தனியாகப் பணம் வேண்டாம். இரண்டு ஊரிலும் அதே என்சிஇஆர்டி புத்தகங்கள்தான். அவை இணையத்தில் இலவசம், தீக்ஷா செயலியில் வீடியோ பாடங்களும் உண்டு. மகள் எதில் பின்தங்குகிறாள் என்று பாருங்கள். கணக்கு என்றால், பதான்கோட்டில் நேரில் சொல்லித்தரும் ஒரு டியூஷனுக்குச் செலவு செய்யுங்கள். நான்கு பள்ளி மாறிய பிள்ளைக்கு முகம் பார்த்துப் பேசும் ஆசிரியர் வேண்டும்.

இடமாற்ற மானியமாக அடிப்படைச் சம்பளமும் ராணுவச் சேவைப்படியும் சேர்ந்ததில் 80 சதவீதம் கிடைக்கும். 37,000-மும் 5,200-மும் சேர்த்தால் 33,760 ரூபாய். பதான்கோட் குளிர் கடுமை. ஸ்வெட்டர், பிளேசர், ஷூவெல்லாம் அதிலிருந்து போகட்டும். லேப்டாப் போக மிஞ்சும் கல்விப்படியை அடுத்த மாற்றலுக்கென்று தனிக் கணக்கில் போடுங்கள்.

பிரதமர் கல்வி உதவித்தொகை முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்குத்தான், பணியில் இருப்பவர்களுக்குக் கிடையாது. அதை மகளின் கல்லூரிச் செலவுக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அப்புறம், சின்னவனுக்குத் தமிழ் எழுதப் படிக்க வருகிறதா? தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் பாடங்கள் இலவசமாக இருக்கின்றன. லேப்டாப் வந்ததும் முதலில் அதைத் திறந்து காட்டுங்கள். பொங்கலுக்கு வேலூரில் இருக்கும் பாட்டிக்கு அவன் கையால் நாலு வரி எழுதி அனுப்பட்டும்.